புத்தி தெரிந்த வயது

மனிதனுக்கு அறிவு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த புத்தகங்களைத்தான் உத்தியோகக் காலம் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். தத்துவ வாத்தியாரம்மா என்றால் ஊரில் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பரிதாபம். அந்தப் புத்தகங்களில் எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு குழந்தை வந்துவிடும். அதற்கு ஒன்றுமே தெரியாது. பாலின் ருசியைத் தெரிந்துகொள்ளும், தாயின் முகத்தைத் தெரிந்துகொள்ளும், ஒரு நாள் விளக்குச் சுடரில் விரலை வைத்துச் சூடு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளும். வயது ஏற ஏற அறிவும் ஏறும். ஏதோ ஒரு வயதில் அது முழு மனிதனாகிவிடும். படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். அந்தக் குழந்தையின் கையை வேறொருவர் பிடித்து விளக்கில் வைப்பதாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சைகோனில் எங்கள் வீட்டில் வைத்தார்கள்.

வைத்தவர் என் பப்பா. பிரெஞ்சுக் குடிமக்களாகப் பதிந்துகொண்ட காரைக்கால் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வியட்நாமைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்தில் அவர் சைகோனில் சிறைக் காவலராக இருந்தார். அவருடைய உத்தியோகத் தொப்பியை நான் தண்ணீர் ஜாடியில் கப்பலாக மிதக்கவிட்டேன். அதற்காக என் வலது கையைப் பிடித்து, எரிகிற விளக்கின் கண்ணாடியில் அழுத்தினார். "புத்தி வந்துச்சா, புத்தி வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே அழுத்தினார். எனக்கு அப்போது ஆறு வயது. சூடு என்னவென்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். அன்றைக்குப் புதிதாகத் தெரிந்துகொண்டது பப்பாவைப் பற்றித்தான்.

ஏழு வயதானபோது எனக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் முதல் முறையாகத் தருகிற நற்கருணை அப்பம், கொடுத்தார்கள். ஏழு வயது ஆகிவிட்டால் நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கும் புத்தி வந்துவிடும், இனிமேல் செய்கிற பாவமெல்லாம் பாவமாகவே சேரும் என்று பாதிரியார் பிரசங்கம் வைத்தார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். பப்பா மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். அதுவரை புத்தி வருவதற்காக அடித்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புத்தி தெரிந்தே செய்கிறாள் என்று அடிக்க ஆரம்பித்தார். அடி என்னவோ அதே அடிதான். கைதிகளுக்கென்று வைத்திருந்த பிரம்புகளில் ஒன்று எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் தொங்கியது. அம்மாவுக்கும் அதே பிரம்புதான். அவளை எந்தக் கணக்கில் அடித்தார் என்பதற்குப் பாதிரியாரிடமும் விளக்கம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தத்துவக்காரர்கள் குழந்தையைத் தனியாக நிற்கவைப்பதில்லை. பக்கத்தில் ஒரு பைத்தியக்காரனை நிறுத்துவார்கள். அவனுக்குப் பக்கத்தில் தூர தேசத்து மனிதன் ஒருவனை, நாகரிகம் எட்டாதவன் என்று சொல்லி நிறுத்துவார்கள். அவனும் வயதேறாத பிள்ளைதானாம். சைகோனில் இருந்த வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் படித்திருக்க வேண்டியதே இல்லை. அவர்கள் குடித்த காப்பியிலேயே அது கரைந்திருந்தது. தலை நரைத்துப்போய் ரிக்‌ஷா இழுப்பவனைக்கூடப் பையா என்றுதான் கூப்பிட்டார்கள். பப்பாவும் அப்படியே கூப்பிட்டார். தன்னையும் அதே வரிசையில்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

எனக்குப் பத்து வயது முடிந்திருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு வேலைக்காரப் பெண் வந்தாள். வீட்டோடு இருக்க ஒரு பெண் வேண்டும் என்று அம்மா, பென் தான் என்கிற பெரிய சந்தையில், மீன்காரியிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்தாள். வயதென்ன என்று அம்மா கேட்டதற்குப் பன்னிரண்டு என்றாள். அந்தப் பெண்ணோ என் காது உயரம்கூட இல்லை. அம்மாவுக்குச் சந்தேகம். சந்தையில் கற்ற அரைகுறை வியட்நாமிய மொழியிலும் கை ஜாடையிலும் துருவித் துருவி விசாரித்ததில், நானும் அவளும் ஒரே மாதத்தில் சில நாள் முன்பின்னாகப் பிறந்தவர்கள் என்று தெரிந்தது. நான் பிறந்த மாதம் அம்மாவுக்கு மறக்கவே மறக்காது, என்னைப் பெற்றதால்தான் அவள் அந்த வருடம் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போக முடியவில்லை. அந்தத் தாயோ, வருடங்களுக்கு மிருகங்களின் பெயரிடும் அவர்கள் வழக்கப்படி குரங்கு வருடம் முடிகிற சமயத்தில், தெத் என்னும் அவர்களுடைய புத்தாண்டுக்குச் சில வாரங்கள் முன்னால் பெற்றிருந்தாள்.

ஒரே மாதத்தில் பிறந்துவிட்டு அவள் எப்படி என்னைவிட இரண்டு வயது மூத்தவளானாள் என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். விஷயம் இதுதான். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பிறக்கும்போதே ஒரு வயது. அதன் பிறகு பிறந்தநாளைப் பார்ப்பதில்லை, புத்தாண்டு வந்தால் ஊரில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வயது கூடிவிடும். ஆகவே அவள் பிறந்து, கழுத்து நிற்பதற்கு முன்பே இரண்டு வயதுக்காரி ஆகிவிட்டாள். அம்மா சிரித்தாள். நாமும் பத்து முடிந்தால் பதினொன்று நடக்கிறது என்றுதானே சொல்கிறோம் என்றாள். இப்படி எங்கள் வீட்டில் மூன்று கணக்கு ஓடியது. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் எனக்குப் பத்து, அம்மாவுக்கு நான் பதினொன்று நடக்கிறவள், என் மாதத்திலேயே பிறந்தவளுக்கோ பன்னிரண்டு. வேலைக்காரி கொஞ்சம் மூத்தவளாக இருப்பது எல்லாருக்கும் வசதியாகவும் இருந்தது.

நான் தட்டை உடைத்தால் சின்னப் பிள்ளை. அவள் உடைத்தால் கழுதை வயதாகிறது, தெரியவில்லையா என்று பிரம்பு இறங்கும். அவளை அடிக்கும்போது பப்பா வயதைக் கூட்டிக்கொள்வார், என் வாயை அடக்கும்போது குறைத்துக்கொள்வார். அவள் அடி வாங்கும்போது அழமாட்டாள். முடிந்ததும் கொல்லைப்புறம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து விட்ட வேலையைத் தொடருவாள். அம்மாவிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள், சுத்தமான காரைக்கால் சமையலறைத் தமிழ். அம்மா சொல்லிக் கொடுத்தபடி என்னைப் பாப்பா என்று கூப்பிட்டாள். என் வயதுக்காரி என்னைப் பாப்பா என்கிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். சந்தைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி திட்டும் வார்த்தைகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு வியட்நாமிய மொழி வந்தது அப்படித்தான், முதலில் வசவு, அப்புறம் மற்றவை. வீட்டில் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவள் இருந்ததால் அது எனக்குக் குறையாகப் படவில்லை.

எங்களுக்குப் பதினான்கு வயது நடந்த கோடை. தவறு, முடிந்த கோடை. அம்மாவின் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கணக்கில் அவளுக்குப் பதினாறு.

மழை இன்னும் வந்து சேரவில்லை. பப்பா ஒரு நாள் நடுப்பகலில் வேலையிலிருந்து வந்தார். சிறையில் காலையில் ஏதோ கலாட்டா. சட்டையின் கை விளிம்பில் ரத்தம் இருந்தது, அவருடைய ரத்தம் இல்லை. கழுவாமலேயே சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினார். அம்மா குழம்பில் ஒரு கரண்டி நூக்மாம், அதாவது வியட்நாமியர்கள் எல்லாவற்றிலும் விடுகிற அந்த மீன் சாறு, சேர்த்திருந்தாள். அம்மாவுக்கு அந்த ருசி பிடித்துப் போயிருந்தது. பப்பா அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தார். சட்டியைத் தூக்கிக் குழம்போடு அம்மாவின் மார்பில் எறிந்தார். அம்மா சேலையை உதறுவதற்குள் பிரம்பு வந்துவிட்டது. வெந்த இடத்திலேயே அடித்தார்.

நான் ஓடிப்போய்ப் பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினேன். யோசித்துச் செய்ததில்லை. வெளியே யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் அவரை உசுப்பியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்து, சுவரோரம் இருந்த பெரிய தண்ணீர் ஜாடியில் முதுகு வளையும்படி அழுத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம்கூட இல்லை. வேலை செய்கிற முகம். காலையில் சிறையில் யாரோ ஒருவன் அதே முகத்தைப் பார்த்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைத்தது, சாகப்போகிறேன் என்று மட்டும்தான். அம்மா அவர் முதுகில் அறைந்ததும், அவர் முழங்கையால் அவளை இடித்துத் தள்ளியதும் எங்கோ தூரத்தில் நடப்பது மாதிரி இருந்தது.

அவள் கொல்லைப்புறத்தில் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மி அம்மாவின் சீதனத்தோடு காரைக்காலிலிருந்து கப்பலில் வந்தது. குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து பப்பாவின் பின்தலையில் அடித்தாள். ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல ஒரு சத்தம். பப்பா ஆடினார். ஒரு கை நழுவியது, இன்னொரு கை என் தொண்டையை விடவில்லை. அவள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்த அந்தக் கையைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, என் தொண்டையை விடாத அந்தக் கையை ஜாடியின் விளிம்புக்கு இழுத்து, விரல்கள்மேல் இரண்டாவது முறை அடித்தாள். ஜாடியும் உடைந்தது, விரல்களும் உடைந்தன. நான் தண்ணீரோடு தரையில் விழுந்தேன். பப்பா என் காலடியில் விழுந்தார்.

அவள் ஓடவில்லை. குழவியைக் கொண்டுபோய் அம்மிமேல் வைத்துவிட்டு வந்து என் கழுத்தில் ஈரத் துணியைச் சுற்றினாள். போலீஸ் வந்தபோது அவள் அம்மாவின் தீக்காயத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கையில் எண்ணெயோடு அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

பப்பா சாகவில்லை. ஒரு காது கேட்காமல் போனது, வலது கை விரல்கள் கோணலாகச் சேர்ந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே, திருடியவளைக் கண்டித்தேன், பின்னாலிருந்து அடித்துவிட்டாள் என்று வாக்குமூலம் கொடுத்தார். எங்கள் வீட்டில் திருடுவதற்கு என்ன இருந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அவளுக்காக வாதாட நீதிமன்றம் ஒரு வக்கீலை நியமித்தது. கப்பலிலிருந்து இறங்கி வியர்வை காயாத இளைஞர். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, பப்பா ஆஸ்பத்திரியில் இருந்த சமயத்தில், எனக்கும் அம்மாவுக்கும் விளக்கினார். சட்டப்படி பதினாறு வயது ஆகிவிட்டால் பெரியவள். கொலை முயற்சி என்று வழக்கு. பெரிய பெண்களின் சிறைக்குப் போவாள், ஆயுள் முழுக்கப் போனாலும் போவாள். பதினாறுக்குக் கீழே என்றால் நீதிபதிகள் இன்னொரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். செய்தது என்னவென்று புத்தி தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா? தெரியாமல் என்று முடிவானால் தாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுடைய தாயிடம் போலீஸ் வயதைக் கேட்டிருக்கிறது. அவளும் மனதறிந்து உண்மையைச் சொல்லியிருக்கிறாள், பதினாறு என்று. அவர்கள் கிராமத்தில் பிறப்பைப் பதிகிற வழக்கம் இல்லை.

நாங்கள் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள் என்று நான் சொல்கிறேன் என்றேன். வக்கீல் என் வயதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பதினான்கு வயதுக்காரி சத்தியப்பிரமாணம் எடுக்க முடியாது, நான் சொல்வதைக் கேட்பார்கள், ஆனால் சாட்சியமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். என் வயது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் நான் சாட்சி இல்லை. அவள் வயது யாருக்கும் தெரியாததால் அவள் குற்றவாளி. அம்மா காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பப்பா வீடு திரும்பியதும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீதிமன்றத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார். அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பப்பா இடது கையால் என் கன்னத்தில் ஒன்று வைத்து, அங்கே வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்றார்.

நான் திறந்தேன். கூண்டில் அவள் நிற்பதைப் பார்த்த பிறகு அடி பற்றிய பயம் எனக்கு எங்கோ போய்விட்டது. சத்தியப்பிரமாணம் இல்லாமல் என்னைப் பேசவிட்டார்கள். கழுத்தில் கன்றிப்போயிருந்த இடத்தைக் காட்டி, அவர் என்னைக் கொன்றுகொண்டிருந்தார், இவள் காப்பாற்றினாள் என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி அன்பாகச் சிரித்தார். தகப்பன் கண்டித்தால் சின்னப் பெண்ணுக்குக் கொலை மாதிரித்தான் இருக்கும், அந்த வயதில் எதையும் உள்ளபடி புரிந்துகொள்ள முடியாது என்று எனக்கு எடுத்துச் சொல்லி உட்காரவைத்தார்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். மாதா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார். திருட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். அம்மா சிலுவையைப் பார்த்துக்கொண்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"என் மவளும் அந்தப் பொண்ணும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. என் மவளுக்குப் பதினாலு. அப்ப அவளுக்கும் பதினாலுதான்."

பப்பா நல்ல காதைத் திருப்பிக்கொண்டு எழுந்தே விட்டார். உட்காரச் சொன்னார்கள். பெண்ணின் தாயைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் குரங்கு வருடத்தைச் சொன்னாள், புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களைச் சொன்னாள். வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டு நீதிபதிக்கு விளக்கினார். தன் வயதைக்கூட எண்ணத் தெரியாத ஜனங்கள் என்று நீதிபதி அலுத்துக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொண்டார். அவள் பதினான்கு வயதுப் பெண் என்று எழுதிக்கொண்டார்கள். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் அடுத்து, உன் கணவர் மகளின் கழுத்தை நெரித்தாரா என்று வக்கீல் கேட்டார். அம்மா பப்பாவைப் பார்த்தாள். நான் அடுப்பண்டை இருந்தேன் என்றாள். ஓர் உண்மைக்குத்தான் அவளிடம் தெம்பு இருந்தது. அதற்காக நான் அவளை நெடுங்காலம் மன்னிக்கவில்லை. அந்த ஒன்றைச் சொல்வதற்கு அவள் எதைப் பணயம் வைத்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இப்போது, புத்தி தெரிந்து செய்தாளா என்ற அந்தக் கேள்வி. வக்கீல் அவளைச் சிறையில் போய்ப் பார்த்துத் தயார் செய்திருந்தார். பயமாக இருந்தது, கண் இருட்டியது, என்ன செய்தேன் என்றே தெரியாது, இவ்வளவு சொன்னால் போதும். குழந்தை வேஷம் போடச் சொன்னார், அவ்வளவுதான். நீதிபதி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னார். கல்லால் தலையில் அடித்தால் மனிதன் செத்துப்போவான் என்று தெரியுமா?

தெரியும் என்றாள்.

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி விடவில்லை. முதல் அடி பயத்தில் அடித்தது என்றே வைத்துக்கொள்வோம், இரண்டாவது எதற்கு? அவள் நிதானமாகச் சொன்னாள். முதல் அடியில் ஒரு கைதான் விட்டது, இன்னொரு கை விடவில்லை. மறுபடியும் தலையில் அடித்தால் செத்துப்போவார். அதனால் கையில் அடித்தேன். மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அடித்த பிறகு கல்லை என்ன செய்தாய்? இடத்தில் வைத்தேன். ஏன்? மசாலா பாதி அரைபட்டிருந்தது.

தத்துவப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகத் தேடுகிற பொருள் அன்றைக்கு அந்தக் கூண்டில் நின்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துப் பார்ப்பது, எது அதிகம் எது போதும் என்று அளப்பது, செய்வதற்கும் அதன் விளைவுக்கும் இருக்கிற தொடர்பைக் காண்பது. ஒரு மூச்சு நேரத்தில், கையில் கல்லோடு, அவள் அதையெல்லாம் செய்திருந்தாள். பப்பா உயிரோடு உட்கார்ந்திருந்ததே அவளுடைய புத்தியால்தான். மூன்று நீதிபதிகளும் உள்ளே போய், ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். புத்தி தெரிந்தே செய்திருக்கிறாள் என்றார்கள். ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு எதுவும் புரியாது, இன்னொருத்திக்கு எல்லாம் புரியும் என்று ஒரே காலையில், ஒரே வாயால் சொன்னார்கள். இருபது வயது முடிகிற வரை சீர்திருத்த இல்லத்தில் வைக்கும்படி தீர்ப்பு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பப்பா அம்மாவின் கூந்தலை இடது கையால் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினார். யாரைக் கேட்டு வயதைச் சொன்னாய், புத்தி கெட்டுப் போச்சா என்று மோதினார். அம்மாவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"எனக்குக் கலியாணம் ஆனப்ப பதிமூணு," என்றாள். "புத்தி தெரியுமான்னு எவனும் கேக்கல. நீங்களும் கேக்கல."

மறுபடியும் மோதினார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். நான் அவர் கோணல் விரல்களைக் கடித்துத் தொங்கினேன். அன்றைக்கு யாரும் குறுக்கே வரவில்லை, ஏனென்றால் குறுக்கே வருகிறவள் வீட்டில் இல்லை. கை வலித்ததும் அவரே நிறுத்தினார். அதற்குப் பிறகும் அடித்தார், ஆனால் அம்மா அவரோடு பேசுவதை அன்றோடு விட்டாள். சாகும்வரை பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த இல்லத்துப் பக்கமெல்லாம் காய்ச்சல் பரவியது, அதில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்தேன். நெற்றிக் காயம் ஆறியதும் அம்மா யாரிடமும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு சோலோன் டிராமில் ஏறினாள். சோலோனில் இறங்கி இன்னும் வெகுதூரம் மாட்டு வண்டியில் போனோம். தூக்குச் சட்டியில் சோறும் நூக்மாம் விட்ட மீன் குழம்பும் கொண்டு போனாள்.

மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்தினார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இன்னும் என் காது உயரத்தை எட்டவில்லை. அம்மாவின் நெற்றித் தழும்பைப் பார்த்தாள். கழுத்து வலி போச்சா பாப்பா என்று என்னைக் கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. அவள் கற்றுக் கொடுத்த சந்தை வசவுகளாலேயே அவளைத் திட்டினேன். ஒரு வார்த்தை, தெரியாது என்கிற ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல உன் வாய்க்கு என்ன கேடு, சொல்லியிருந்தால் இந்நேரம் உன் அம்மாவோடு இருந்திருப்பாயே என்று வேலியைப் பிடித்து உலுக்கினேன்.

நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"தெரியாம அடிச்சேன்னு சொன்னா, நீ பொழச்சதும் தெரியாம நடந்ததா ஆயிடும் பாப்பா. நான் ஒன்னப் பாத்துட்டுத்தான் அடிச்சேன்."

அம்மா அழுதாள். எனக்கு அழத் தெரியவில்லை, நன்றி சொல்லவும் தெரியவில்லை. நேரமாகிவிட்டது என்று அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் நான் அவளைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். எனக்குப் பதினான்கு வயது.